கிடைத்த இடம்: ஃபிரிட்ஜ்

ஜூன் 3, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து வீடு வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. இவருடைய இதயக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. மாத்திரையால் ஆகாது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், ஒன்றரை மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். வாத்தியார் வேலைக்கு வந்திருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பார். இவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் பேனா எங்கீங்க வாங்கினீங்க?" என்றார்.

பஸ்ஸில் வெள்ளகோவில் தாண்டியதும் வாயைத் திறந்தார். "இந்த வண்டிக்கு பாடி கட்டினவன் ஜன்னல் ரப்பரைச் சரியா அமுக்கல."

நாற்பது வருடம் பஸ்களுக்கு பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ரப்பர் மட்டும் கண்ணில் படுகிறது.

ஜூன் 6, வெள்ளி

காலைக் காப்பியில் ஆரம்பித்த வாக்குவாதம், மத்தியானம் ரசம் ஊற்றும்போது முடிந்தது. மொபெட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இனி ஓட்ட மாட்டார். எழுபது வயதில், இந்த நெஞ்சோடு, பாலத்து மேட்டில் அதை உந்திக்கொண்டு போவது என்ன வீரம்?

ஆபரேஷன் பற்றிக் கேட்டதற்கு மட்டும், "சரி சரி, பார்க்கலாம்" என்றார். என் வகுப்பில் இந்திராணி என்று ஒருத்தி இருந்தாள். எது சொன்னாலும் "சரிங்க டீச்சர்" என்பாள். வருடம் முழுக்க ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் எழுதி வந்ததில்லை. எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைத் திருத்திவிடலாம். "சரி" சொல்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஜூன் 7, சனி

மொபெட் இல்லையென்றால் மினி பஸ். பஜாரில் காதர் பாயின் கடிகாரக் கடைக்குப் போய் இன்னொரு காசு வாங்கி வந்திருக்கிறார். நேற்றுத்தான் சாவி கொடுத்தார், இன்று காசு. எதற்கெடுத்தாலும் ஒரு காசு.

காசு என்றால் இந்தக் காலத்துக் காசு இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு ரோமாபுரியிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போன செப்புக் காசுகள் எங்கள் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும். தண்ணீர் வடிந்த பிறகு சல்லடையும் கையுமாகச் சிலர் இறங்கிச் சலிப்பார்கள். அவர்கள் எடுத்துக் கொடுப்பதைக் காதர் பாய் வாங்கி வைப்பார். ஊரில் இருபது பேர் சேர்ந்து ஒரு நாணயச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பாய்தான் செயலாளர். மற்றவர்கள் எல்லா ராஜாவையும் சேர்க்கிறார்கள். இவருக்கு ராஜா வேண்டாம். பின்பக்கத்தில் சிறகு வைத்த பெண் இருந்தால்தான் எடுப்பார். ஒரு கையில் மலர் வளையம், ஒரு கையில் பனை ஓலை. அவர்களுடைய வெற்றித் தேவதை. பெயர் விக்டோரியா. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், இங்கிலாந்து ராணிக்கு எப்போது இறக்கை முளைத்தது என்று கேட்பார்கள். முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவள் என்பதால் ஒவ்வொருவருக்கும் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்று வாங்கிய காசு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தேய்ந்த பச்சை. இதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துப் போட ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

ஜூன் 11, புதன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜூலை 10 சேர வேண்டும், 11 ஆபரேஷன். இவர் வாங்கிக் காதில் வைத்து, "ஆடி கழியட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். 11ஆம் தேதி ஆனி மாதம். நாட்காட்டியைக் கிழித்து முன்னால் வைத்தேன். "ஆனிக் கடைசி ஆடிக்குப் பக்கந்தானே" என்கிறார்.

நான் அந்தத் தேதியை ரத்து செய்யவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தியிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் அரை மணி நேரம் பேசினாள். அவளுக்கும் "சரி சரி" கிடைத்தது.

ஜூன் 14, சனி

பேச்சு இல்லை. உப்புமா.

ஜூன் 16, திங்கள்

காலையில் காசு ஆல்பம் இரண்டையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு காசையும் தனித்தனி காகித உறையில் போட்டு, பட்டறைப் பென்சிலால் மேலே ஏதோ எழுதியிருக்கிறார். ஜூலைக் கடைசியில் சங்கத்தின் கண்காட்சி இருக்கிறதாம். முறையான பட்டியல் வேண்டுமாம்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும். எழுதி வெச்சுட்டா பின்னால யாருக்கும் குழப்பம் வராது."

பின்னால் என்றால் எப்போது? முப்பது வருடமாக இல்லாத பட்டியல் இந்த மாதம் எதற்கு? பீரோ சாவி எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே என்றும் நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்காத விஷயம். எரிச்சலாக வந்தது. கண்காட்சிக்குத்தான் என்கிறார், கண்காட்சிக்குத்தான் இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

சங்கத்தின் படிவத்தில் ஐந்து கட்டங்கள். வரிசை எண், எடை, உருவம், பெற்ற நாள், கிடைத்த இடம். எடையை நகைத் தராசில் இவர் பார்த்துச் சொன்னார். உருவத்தை நானே லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுகிறேன். உறையில் நாளும் ஒரு வார்த்தையும் இருக்கிறது. கேட்டால், "எழுதியிருக்கறதை எழுதேன் டீச்சர்" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்.

இன்று முடிந்தவை:

1. வளையம், ஓலை. 2-10-1989. கிணறு.
2. உருண்டையின் மேல் நிற்கிறாள். 19-1-1991. சுவர்.
3. வளையம் மட்டும் தெரிகிறது. 8-7-1993. வேப்பமரம்.

சலிப்பவர்களுக்கு ஆற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. லாரி சிக்கிய இடம் லாரித் திட்டு, கோயிலுக்கு நேரே இருப்பது மணித் துறை. அந்தக் கணக்கில்தான் கிணறும் வேப்பமரமும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

முடிந்தது. நாற்பத்து மூன்று.

9ஆவது உறையில் "ஃபிரிட்ஜ், 14-4-1996" என்று இருந்தது. சிறிது யோசித்தேன். ஆற்றில் எதையெதையோ கொண்டுபோய்ப் போடுகிறார்கள். உடைந்த ஃபிரிட்ஜ் கிடந்த இடமாக இருக்கும். "மாப்பிள்ளை" என்பது மாப்பிள்ளை மேடு. "தம்பி" என்று ஓர் உறை, 2009. அது எடுத்துக் கொடுத்தவனின் பெயராக இருக்கலாம். காசு மிகவும் தேய்ந்தது. சிறகுள்ள பெண் ஏதோ மூட்டையை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று உருவக் கட்டத்தில் எழுதினேன். கடைசி உறை இந்த மாதம் 7ஆம் தேதி. "சாவி." அது என்ன இடமோ.

ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொன்பது நாள். இரத்தம் கொடுக்க நான்கு பேர், கூட இருக்க ஓர் ஆண் ஆள் வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். சுகந்தியின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். யாரைக் கேட்பது என்று இவரிடம் கேட்டேன். "போறவன்தானே ஆள் தேடணும். நான் எங்க போறேன்?" என்றார்.

ஜூன் 25, புதன்

காதர் பாய் போன் செய்தார். இவர் கொண்டுபோய்க் கொடுத்த பட்டியல் நகல் அருமை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று இரண்டு நிமிடம் புகழ்ந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நானும் நாப்பது வருசமா இந்த ஆத்தோட கெடக்கறேன். ஃபிரிட்ஜுன்னு ஒரு எடம் எனக்குத் தெரியாதுங்களே."

உடைந்த ஃபிரிட்ஜ் பற்றி விளக்கினேன். என் விளக்கம் எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

"அது சரிங்க. ஆனா அந்த ஒம்பதாம் நம்பர் நான் குடுத்ததுங்க. எங்க கடைப் படியில நின்னு வாங்கிட்டுப் போனார். எல்லாமே அப்படித்தானுங்க."

போனை வைத்துவிட்டு இவரிடம் போனேன். சங்கத்தில் என்னை முட்டாளாக்கியாகிவிட்டது, இந்த வார்த்தையெல்லாம் என்ன என்று கேட்டேன். இவர் சிரித்தார். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

"நீதான் தினமும் எழுதறவ. உன்ற டைரியப் பாரு."

ஜூன் 26, வியாழன்

பார்த்தேன். பரணிலிருந்து இறக்கித் துடைக்கவே காலை முழுக்கப் போனது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாடக்குறிப்பு எழுதிய பழக்கத்தில் டைரியும் எழுதிவருகிறேன். திரும்ப எடுத்துப் படித்ததில்லை.

1996 ஏப்ரல் 13: "ஃபிரிட்ஜ் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் சண்டை. கடைசியில் ஒப்புக்கொண்டார்." மறுநாள் ஏப்ரல் 14: "வருடப் பிறப்பு. இவர் ஒரு பழைய காசு வாங்கி வந்தார்."

1989: தெருக் கிணற்றைவிட்டு வீட்டுக்குக் குழாய் இழுக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம். 1991: பக்கத்து வீட்டோடு சுவர் தகராறை விட்டுவிடச் சொன்னது. 1993: வேப்பமரத்தை வெட்டக் கூடாது என்று மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 2017: சுகந்தி தானே தேர்ந்தெடுத்த பையன். சாவி, இந்த மாதம்.

நாற்பத்து மூன்றையும் ஒத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் நான் ஜெயித்த சண்டைகள். ஒவ்வொன்றுக்கும் மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ ஒரு வெற்றித் தேவதை.

கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படியா ஒரு மனிதர் பதிவேடு வைப்பார்? நேரே போய்க் கேட்டேன்.

"பஸ்ஸுக்கு பாடி கட்டி முடிச்சா பின்னால பட்டறைப் பேரை எழுதுவோமில்ல. எழுதியாச்சுன்னா வேலை முடிஞ்சுது. அப்பறம் அதைப் பிரிக்கக் கூடாது. அதுமாதிரிதான்."

யோசித்துப் பார்த்தால் உண்மை. ஃபிரிட்ஜ் வந்த பிறகு ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. மாப்பிள்ளையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். தோற்ற சண்டையை மறுபடி எடுத்ததே இல்லை.

"அப்ப ஆபரேஷனுக்குக் காசு எங்கே?" என்று கேட்டேன்.

சிரிப்பு போய்விட்டது. வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எத்தனை வண்டியக் கிழிச்சு, பிரிச்சு, மறுபடி மூடியிருக்கேன். மூடினது ஒண்ணும் பழைய மாதிரி ஓடலடி."

இதைத்தான் இருபத்து மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தார். தோசை வார்க்கப் போனேன்.

ஜூன் 29, ஞாயிறு

தம்பி என்ற உறையை ஒதுக்கியே வைத்திருந்தேன். இன்று 2009 டைரியை எடுத்தேன்.

இவருடைய தம்பி பொங்கியண்ணன் விசைத்தறி போட்டு நொடித்து, வீட்டையும் விட்டுவிட்டு, எங்கள் மாடி அறையில் ஆறு மாதம் இருந்துகொள்கிறேன் என்று கேட்டு வந்தார். சுகந்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் கூட்டம் கூடாது என்றேன். மூன்று நாள். நான்தான் ஜெயித்தேன். டைரியில் "நல்ல வேளை, புரிந்துகொண்டார்" என்று எழுதியிருக்கிறேன். கீழே "கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு" என்றும் எழுதியிருக்கிறேன்.

பொங்கியண்ணன் திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். சுகந்தி கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். அவ்வளவுதான்.

அந்தக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து லென்ஸை வைத்தேன். மூட்டை இல்லை. அது ஒரு மனிதன். முழங்கால் மடங்கிக் கிடக்கிறான். சிறகுள்ள பெண் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

அன்றைக்கு பாய் கடையில் எத்தனையோ காசு இருந்திருக்கும். அவற்றில் இதைத் தேடி எடுத்திருக்கிறார். எடுத்து, உறையில் போட்டு, மூடி, பதினாறு வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அது அன்றோடு முடிந்திருக்கும். இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

பட்டியலில் மூட்டை என்பதை அடித்துவிட்டு ஆள் என்று திருத்தினேன்.

ஜூலை 2, புதன்

பொங்கியண்ணனின் எண்ணைச் சுகந்தியிடம் வாங்கினேன். இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பேசினேன். விவரத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பனியன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கூட இருக்க ஆள் வேணும்னு கூப்பிடறீங்களா அண்ணி?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். "அதுக்கும்தான். 2009லயே கூப்பிட்டிருக்கணும்" என்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை பேச்சுப் போட்டியில் நிற்பதைப்போல நின்றேன்.

"பத்தாந்தேதி வெடியால வந்தர்றேன்" என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டார். ஒப்புக்கொள்வார் என்று பொய் சொன்னேன்.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனவர்.

ஜூலை 5, சனி

மாடி அறையைப் பெருக்கித் துடைத்தேன். எதற்கு என்று கேட்டார். கரையான் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் காதர் பாய் கடைக்குப் போனேன். நான்கடி அகலக் கடை. சுவர் முழுக்கக் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது. பாய் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

சிறகு வைத்த பெண் ஒன்று வேண்டும் என்றேன். சாருக்கா என்றார். சாருக்குத்தான், ஒரு சண்டையில் அவர் ஜெயித்திருக்கிறார், பதினாறு வருடம் கழித்து முடிவு தெரிந்தது என்றேன். பாய் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க இருந்துச்சு. நல்ல காசு, எறக்கை எழும்பி நிக்குது. ஆனா அதைச் சார் காத்தால போன் பண்ணி எடுத்து வெக்கச் சொல்லிட்டாருங்களே."

காலையிலா என்று கேட்டேன். ஆமாம், டீச்சர் வாசலில் கோலம் போடுகிறாள் என்று சொல்லி அவசரமாகப் பேசினாராம். உறையிலும் பாயையே எழுதி வைக்கச் சொன்னாராம். இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். பாயின் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒரே வார்த்தை.

கோயம்புத்தூர்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாய் எதிர்க்கடையில் டீ சொன்னார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

அதைத் தொடவில்லை. எனக்கு வேறு எதுவும் இல்லையா என்று கேட்டேன். பாய் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து விரலால் கிளறினார். உடைந்த காசு ஒன்று, பாதி. ஒரு சிறகும் ஓலையின் நுனியும் மட்டும் இருக்கிறது. தலை இல்லை. இதையெல்லாம் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஒன்றும் தெரியாதவர்போலச் செய்தித்தாள் படிக்கிறார். தாளை இறக்காமலே கேட்டார்:

"டீச்சர், ஆடி பொறக்கறதுக்குள்ள போய்ட்டு வந்தரலாமா?"

ஏதோ திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். முப்பத்து நான்கு நாள் என்னைப் படுத்தியதற்கு ஒரு மணி நேரமாவது அவர் காத்திருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஏழு மணி. கார் எட்டுக்கு வரும். பெட்டி கட்டியாகிவிட்டது. சுகந்தி நேற்றே வந்துவிட்டாள்.

நேற்று மாலை இவர் மினி பஸ் ஏறிப்போய்த் தன் காசை வாங்கி வந்து ஆல்பத்தில் வைத்திருக்கிறார். நாற்பத்து நான்கு. இன்று காலை அதற்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். உறையில் நான் எழுதியது: தம்பி, 2-7-2025.

ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுமுன் ஒருமுறை புரட்டினார். என் உறையைப் பார்த்தார். பாதிக் காசை உள்ளங்கையில் கொட்டி, லென்ஸை எடுத்தார், உறையைப் படித்தார், மறுபடி காசைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கேட் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன், ஒரு துணிப்பையோடு. முடி முழுக்க நரைத்துவிட்டது. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். இட்லி வைத்திருக்கிறேன், கை கழுவுங்கள் என்றேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே ஒழியப் பேசக் காணோம். இந்தக் குடும்பத்துக்கே வாய் கிடையாது.

கடைசியில் இவர் என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரலில் பழைய குறும்பு.

"என்ன டீச்சர், நான் ஜெயிச்சதுக்குப் பாதிதானா?"

"மீதி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தப்பறம்" என்றேன்.

இட்லி ஆறு சாப்பிட்டார் பொங்கியண்ணன். நான் எண்ணினேன்.

கார் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. சங்கத்துப் பட்டியலில் இரண்டு வரி சேர்த்தேன். 45ஆவதில் கிடைத்த இடத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் கோடு போட்டேன். 44ஆவதில் உறையில் இருப்பதையே எழுதினேன். வரலாற்று ஆசிரியையாக எனக்கு இது பெரிய தவறு. அந்தக் காசு அமராவதி மணலில் கிடைத்தது. ஆனால் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் காதர் பாய் போன் செய்து கேட்க மாட்டார். கோயம்புத்தூர் என்று ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது.